ஒரு மயிரிழை இடைவெளி!

நியூயார்க் நகரம், 1833-ம் ஆண்டு. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார்கள் இரண்டு சகோதரர்கள். குடும்பப் பெயர் கிராக்கோர். தொழில், பல் வைத்தியம். பேச்சில் கில்லாடிகள். வந்த கொஞ்ச நாளிலேயே ஊர்ப் பணக்காரர்கள் எல்லாம் அவர்கள் வாசலில்!

அப்படி என்ன மாயம் செய்தார்கள்? அது புரிய வேண்டுமானால், அந்தக் காலத்தில் பல் சொத்தையானவர்களின் கதியை நீங்கள் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். மரத்துப்போக ஊசி கிடையாது. மின்சார டிரில் கிடையாது. கூரான கம்பிகளை வைத்துச் சொத்தையைச் சுரண்டு சுரண்டென்று சுரண்டுவார்கள். நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அது முடிந்தபிறகு, தங்க ரேக்கைத் துண்டு துண்டாகக் குழிக்குள் திணித்து அழுத்துவார்கள். நேரமும் ஆகும், தங்கத்தின் விலையும் ஆகும்!

கிராக்கோர் சகோதரர்களோ, "சுரண்டவே வேண்டாம், வலிக்கவே வலிக்காது, சில நிமிஷ வேலை" என்றார்கள். சொன்னபடி செய்தும் காட்டினார்கள். பளபளவென்று வெள்ளி நிறத்தில் ஒரு பசை. சொத்தையைத் தொடாமல், அப்படியே அதன் தலையில் பசையை வைத்து அழுத்தினார்கள். வெண்ணெய் மாதிரி இருந்த பசை, கொஞ்ச நேரத்தில் இறுகிக் கல்லாகிவிட்டது! அதற்கு அவர்கள் வைத்த பெயரைக் கேளுங்கள்... 'ராயல் மினரல் சக்ஸிடேனியம்'. தங்கத்துக்கு மாற்றாக வந்திருக்கும் ராஜ உலோகம் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். சமாசாரம் என்னவோ, வெள்ளிக் காசுகளை அரத்தால் ராவி எடுத்த தூளில் பாதரசத்தைக் கலந்ததுதான்.

பணம் கொட்டியது. எல்லாம் ஒரு வருஷம்தான். அடைத்த பசை பலருக்குப் பொல பொலவென்று விழுந்தது. சிலருக்குப் பசை உள்ளேயே விரிந்து பல்லையே பிளந்தது. விழாமல் நின்ற இடங்களில், அடியில் சொத்தை தன் பாட்டுக்குக் குடைந்துகொண்டிருந்தது. 1834-ல் சகோதரர்கள் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் பறந்தார்கள்.

உள்ளூர்ப் பல் டாக்டர்கள் கொதித்துப்போனார்கள். "பாதரசம் விஷம்" என்பது முதல் குற்றச்சாட்டு. "சொத்தையை உள்ளே விட்டு மூடுவது மகா பாவம்" என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது குற்றச்சாட்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் கழித்து, அதே அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரியில், வேண்டுமென்றே சொத்தையை உள்ளே விட்டு அடைத்தார்கள். பத்து வருஷம் காத்திருந்து பார்த்தார்கள். சொத்தை நின்றுபோயிருந்தது!

செய்தது கிட்டத்தட்ட அதே காரியம். அங்கே நாசம், இங்கே வெற்றி. நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான். அடைக்கிற பொருளுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளி. அதை மூடத்தான் மனிதர்கள் இந்தப் பாடு பட்டிருக்கிறார்கள்.

ஓட்டையை அடைக்க வேண்டும் என்கிற எண்ணம் நமக்கு ரொம்பப் பழசு. இத்தாலியின் ட்ரியெஸ்டே நகர அருங்காட்சியகத்தில் ஒரு தாடை எலும்பு இருக்கிறது. இன்றைய ஸ்லோவேனியாவில் கிடைத்தது. சுமார் 6,500 வருஷப் பழசு. அதன் கோரைப்பல்லில் ஒரு விரிசல். விரிசல் மேல் தேன்மெழுகு! 2012-ல் ஆராய்ந்து சொன்னார்கள். (அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போது பூசியதா, செத்தபிறகு பூசியதா என்று அந்த ஆராய்ச்சியாளர்களே அடித்துச் சொல்லவில்லை. வைத்தியமாகத்தான் இருக்கும் என்று நம்ப எனக்கு ஆசை.) அப்புறம், நவீன பல் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் பிரெஞ்சுக்காரர் பியேர் ஃபோஷார் 1728-ல் எழுதிய பெரிய புத்தகத்தில் ஈயத்தையும் தகரத்தையும் திணிக்கச் சொன்னார். இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் பல் அடைப்பதைச் சொல்லும் வார்த்தை, ஈயத்தின் பெயரிலிருந்து வந்ததுதான்.

இருந்தாலும் ராஜா என்னவோ தங்கம்தான். சும்மா சொல்லக் கூடாது, அதற்குக் காரணம் படாடோபம் மட்டுமில்லை. சொக்கத் தங்கம் மெத்தென்று இருக்கும். அழுத்தினால் குழியின் சுவரோடு சுவராக ஒட்டிப் படியும். துருப்பிடிக்காது. தானாகச் சுருங்காது, விரியாது. 1855-ல் ராபர்ட் ஆர்தர் என்ற அமெரிக்கர் இன்னொரு வித்தையைச் சொல்லிக் கொடுத்தார். தங்க ரேக்கைச் சுடரில் லேசாகக் காட்டிச் சுத்தம் செய்துவிட்டு அழுத்தினால், ரேக்கும் ரேக்கும் பற்றவைத்த மாதிரி ஒன்றாகிவிடும். துண்டு துண்டாக வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, பல்லுக்குள்ளேயே ஒரு தங்கக்கட்டியை உருவாக்கலாம்!

ஒரே நிபந்தனை. ஒரு சொட்டு எச்சில் படக் கூடாது. வாய்க்குள் அது எப்படி முடியும்? 1864-ல் சான்ஃபோர்ட் பார்னம் என்ற நியூயார்க் டாக்டர் ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பில் ஓட்டை போட்டு, அதைப் பல்லில் மாட்டிவிட்டார். பல் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும், எச்சில் எல்லாம் விரிப்புக்கு அந்தப் பக்கம். இந்த ரப்பர் விரிப்பு நம் கதையில் கடைசியில் இன்னொரு முறை வரும்.

தங்கத்தால் நேர்த்தியாக அடைத்த பற்கள் பல பத்து வருஷங்கள் நின்றன. ஆனால், மணிக்கணக்கில் வாயைப் பிளந்துகொண்டு சுத்தியல் அடி வாங்க எத்தனை பேரால் முடியும்? அதற்குக் காசு எத்தனை பேரிடம் இருந்தது? ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் ஒரே வழி, சகோதரர்கள் விட்டுப்போன அந்த வெள்ளிப் பசைதான். அமால்கம்!

அதற்கோ பலத்த எதிர்ப்பு. 1840-ல் உருவான அமெரிக்கப் பல் அறுவை மருத்துவர்கள் சங்கம், 1845-ல் ஒரு தீர்மானம் போட்டது. 'அமால்கத்தைக் கையால் தொட மாட்டேன்' என்று ஒவ்வொரு உறுப்பினரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்! போடாதவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோபித்துக்கொண்டு தானாக வெளியேறியவர்களும் உண்டு. 'அமால்கம் யுத்தம்' என்றே இதற்குப் பெயர். யுத்தத்தில் யார் ஜெயித்தார்கள் தெரியுமா? 1856-ல் சங்கம் கலைந்தேபோனது. அமால்கம் அப்படியே இருந்தது!

இந்தக் கூச்சலில், அடைத்த பொருள் பல்லின் ஓரத்தில் ஒட்டி நிற்கிறதா இல்லையா என்று உட்கார்ந்து அளந்து பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. அளக்க வேண்டிய அவசியமும் அப்போது புரியவில்லை. சொத்தை எதனால் வருகிறது என்றே தெரியாதே!

அதைச் சொன்னவர் வில்லோபி மில்லர் என்கிற அமெரிக்கர். பெர்லினில் வேலை பார்த்தவர். வாயிலுள்ள கிருமிகள் நாம் சாப்பிடும் மாவையும் சர்க்கரையையும் தின்று அமிலத்தைக் கக்குகின்றன, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்று 1890-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். அவ்வளவுதான், ஓரத்து இடைவெளியின் அர்த்தமே மாறிப்போனது!

ஒரு சின்னக் கணக்குப் போடலாமா? தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டதில் ஒரு கூறு. பல்லைச் சொத்தையாக்கும் முக்கியமான கிருமியின் குறுக்களவு ஒரு மைக்ரான்கூடக் கிடையாது. அதாவது, ஒரு மயிரிழை அகலச் சந்தில் நூறு கிருமிகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஊர்வலம் போகலாம்! பற்குச்சியும் பிரஷ்ஷும் நுழைய முடியாத அந்தச் சந்துக்குள், சர்க்கரைத் தண்ணீர் மட்டும் தாராளமாக நுழையும்.

இந்த இடத்தில்தான் ஹீரோ என்ட்ரி. பெயர் கிரீன் வார்டிமன் பிளாக். 1836-ல் இல்லினாய் மாநிலத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பல் மருத்துவக் கல்லூரியில் மாணவராக உட்கார்ந்து படித்தவரில்லை. ஒரு டாக்டரிடம் கொஞ்ச நாள் கூடமாட இருந்து தொழில் கற்றுக்கொண்டவர். பிற்பாடு சிகாகோவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கே டீன் ஆனார். அந்த ஊரின் லிங்கன் பூங்காவில் அவருக்குச் சிலைகூட உண்டு!

"அமால்கம் நல்லதா, கெட்டதா?" என்று மற்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, "எந்த அமால்கம்?" என்று கேட்டவர் பிளாக். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி கலக்கிறார்கள். வெள்ளி கூடினால் விரிகிறது. தகரம் கூடினால் சுருங்குகிறது. விரிந்தால் பல் பிளக்கும், சுருங்கினால் ஓரத்தில் சந்து விழும். எவ்வளவு விரிகிறது, எவ்வளவு சுருங்குகிறது? அளக்கக் கருவி இல்லை. தானே செய்துகொண்டார்! கலவை கலவையாகச் செய்து, அளந்து அளந்து எழுதிவைத்தார். அப்போது ஒரு விசித்திரம் கண்ணில்பட்டது. புதிதாக ராவிய உலோகத்தூள் ஒரு மாதிரியும், அதே தூளைக் கொஞ்ச நாள் வைத்திருந்து கலந்தால் வேறு மாதிரியும் நடந்துகொண்டது! ஒரே டாக்டர், ஒரே கலவை, ஆனால் ஒருவர் பல்லில் நின்று இன்னொருவர் பல்லில் விழுந்த மர்மம் அங்கே கொஞ்சம் விடுபட்டது.

1895-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். தூளில் நூற்றுக்குச் சுமார் 68 பங்கு வெள்ளி, 27 பங்கு தகரம், மிச்சம் கொஞ்சம் தாமிரமும் துளி துத்தநாகமும். அதிகம் விரியாது, அதிகம் சுருங்காது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் முழுக்கப் பற்களை அடைத்தது பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

பிளாக்கிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அமால்கம் பல்லோடு ஒட்டாது. குழியைக் குடம் மாதிரி, வாய் சிறுத்து உள்ளே அகலமாக வெட்டினால்தான் வெளியே வராமல் நிற்கும். போதாக்குறைக்கு, ஓரம் எல்லாம் சுலபமாகத் துலக்கக்கூடிய இடத்தில் முடியட்டும் என்று, பக்கத்திலிருக்கும் நல்ல பல்லையும் சேர்த்து வெட்டச் சொன்னார். அன்றைக்கு அவருக்கு வேறு வழி இல்லை, வாஸ்தவம்தான். ஆனால், அன்றைய நியாயம் பழக்கமாகி, எத்தனையோ தலைமுறைகளின் நல்ல பல் டிரில்லில் தூளாகிப் போனது.

பிளாக் எவ்வளவு அளந்து கொடுத்தும், புதிதாக அடைத்த அமால்கத்துக்கும் பல்லுக்கும் நடுவில் சுமார் பத்துப் பதினைந்து மைக்ரான் சந்து இருக்கத்தான் செய்தது. நியாயமாகப் பார்த்தால் அடைத்த பல்லெல்லாம் அடியில் அழுகியிருக்க வேண்டும். அழுகவில்லையே, ஏன்?

இங்கேதான் ஒரு வேடிக்கை. யாரும் திட்டமிடாதது! பிளாக் கலவையில் பாதரசமும் தகரமும் சேர்ந்து உருவாகும் ஒரு பகுதி ரொம்பப் பலவீனமானது. எச்சில் பட்டால் அரிக்கும். அப்படி அரித்து உண்டாகும் கறுப்புக் கசடு எங்கே போய்ச் சேரும்? பல்லுக்கும் அடைப்புக்கும் நடுவிலிருக்கும் சந்தில்தான்! மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கசடே சந்தை அடைத்துவிடும். ஆக, அமால்கம் தன் துருவாலேயே தன் ஓட்டையை மூடிக்கொண்டது. மற்ற அடைப்புகளின் ஓரம் வருஷம் போகப்போகத் தளரும். இது ஒன்றுக்குத்தான் வயசாக ஆக ஓரம் இறுகும்! அந்த ஆரம்ப மாதங்களைச் சமாளிக்க, குழிக்குள் முதலில் வார்னிஷ் பூசிவிட்டு அடைக்கும் வழக்கமும் இருந்தது. நம் கதவுக்கு அடிக்கிற மாதிரி, மரப்பிசினில் செய்த வார்னிஷ்தான்.

1963-ல் தாமிரம் அதிகம் சேர்த்த புது அமால்கம் வந்தது. அரிக்கும் பலவீனப் பகுதி போனது. உறுதி கூடியது, ஓரம் உடையாமல் நின்றது. சந்தோஷப்பட்டுக்கொண்டே ஓரத்தைப் பார்த்தால், துருப்பிடிப்பது குறைந்துபோனதால் சந்து அடைபடவும் தாமதம் ஆயிற்று! ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டியிருந்தது.

சரி, கடைவாயில் கறுப்பாக இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? முன்பல்லில் ஓட்டை விழுந்தால்? பல் நிறத்திலேயே அடைக்க 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலிகேட் சிமென்ட் வந்தது. பார்க்க அழகு. ஆனால், சில வருஷங்களில் எச்சிலில் கரைந்துவிடும். விசித்திரம் என்னவென்றால், கரைந்து ஓரம் எல்லாம் போனபின்பும் சுற்றியிருந்த பல் அவ்வளவாகச் சொத்தையாகவில்லை. அதிலிருந்து கசிந்த ஃப்ளூரைடு காவல் காத்தது என்று பின்னால் புரிந்தது.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஜெர்மனியில் வாய்க்குள்ளேயே இறுகும் அக்ரிலிக் பிளாஸ்டிக் தயாரானது. கரையாது, நிறமும் பொருந்தும். ஆஹா என்றார்கள். ஆனால், வற்றிய ஏரியின் களிமண் எப்படிச் சுருங்கி வெடிக்கிறது, பார்த்திருப்பீர்கள்! அக்ரிலிக்கும் இறுகும்போது அப்படித்தான் சுருங்கும். இன்னொரு தொல்லையும் இருந்தது. அதை 1952-ல் வாஷிங்டனிலுள்ள அமெரிக்க தேசியத் தர நிறுவனத்தைச் சேர்ந்த நெல்சன், வால்காட், பாஃபன்பார்கர் என்ற மூவர் கண்ணாலேயே பார்த்தார்கள்.

பரிசோதனை எளிமையானது. பிடுங்கிய பல்லில் அக்ரிலிக் அடைத்தார்கள். ஐஸ் தண்ணீரில் போட்டார்கள். எடுத்துத் துடைத்துவிட்டு, விரல்களால் பிடித்தபடி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். விரலின் சூடு ஏற ஏற... அடைப்பின் ஓரத்தில் சின்னச் சின்ன நீர்த்துளிகள் முத்து முத்தாக வெளியே வந்தன!

குளிரில் பிளாஸ்டிக் பல்லைவிடப் பல மடங்கு அதிகமாகச் சுருங்குகிறது. சந்து திறக்கிறது, தண்ணீரை உறிஞ்சுகிறது. சூடானதும் விரிந்து, உறிஞ்சியதை வெளியே தள்ளுகிறது. ஐஸ்க்ரீம் சாப்பிட்டுவிட்டுச் சூடாக ஒரு காபி குடிக்கிறீர்கள் என்றால், உங்கள் பல்லுக்குள் ஒரு பம்ப் ஓடுகிறது என்று அர்த்தம்! அமால்கமும் சூட்டில் பல்லைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். தங்கம் கிட்டத்தட்டப் பல்லோடு ஒத்துப்போகும். அக்ரிலிக்தான் பல மடங்கு ஆட்டம் போட்டது.

அப்படியானால் ஒரே வழி, அடைப்பைப் பல்லோடு ஒட்டிவிடுவது. ஈரமான வாய்க்குள், வழவழவென்ற எனாமலில் எதை ஒட்டுவது?

நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் இருந்த மைக்கேல் புவனகோர் (நம்ம ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறது, ஆனால் இத்தாலிய வம்சம்!) தொழிற்சாலைகளைப் பார்த்தார். உலோகத்துக்கு பெயின்ட் அடிக்கும் முன் பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவுகிறார்கள். பெயின்ட் நன்றாகப் பிடிக்கிறது. பல்லுக்கும் அதையே செய்தால்? எனாமலில் அரை நிமிஷம் அமிலம் தடவிக் கழுவினார். அமிலம் எனாமலைச் சொரசொரவென்று, கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களாக அரித்துவிட்டது. அதன்மேல் வைத்த அக்ரிலிக், பள்ளங்களுக்குள் வேர்விட்ட மாதிரி பிடித்துக்கொண்டது. அமிலம் தடவாத பல்லில் வைத்த துளி சில மணி நேரத்தில் உதிர்ந்தது. அமிலம் தடவியதில் வாரக்கணக்கில் நின்றது! 1955-ல் அவர் வெளியிட்ட கட்டுரை வெறும் சில பக்கங்கள்தான்.

டாக்டர்கள் சீந்தவில்லை. யோசித்துப் பாருங்கள்... வாழ்நாள் முழுக்க அமிலத்தை எதிர்த்துப் போராடுகிறவர்களிடம் போய், நீங்களே பல்லில் அமிலத்தைத் தடவுங்கள் என்றால்? பதினைந்து, இருபது வருஷம் கழித்துத்தான் அது ஊர்ப் பழக்கமானது. இதற்கிடையில் 1962-ல் ரஃபேல் போவன், அதே தேசியத் தர நிறுவனத்தில், கண்ணாடித்தூள் கலந்த புது ரெசினுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு நீல வெளிச்சம் காட்டி இறுக்குகிறார்களே, அந்த காம்போசிட்டின் பாட்டனார் அதுதான். சுருக்கம் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்கிற அளவுக்கு வந்தது. பூஜ்யமாகவில்லை.

எனாமலோடு பிரச்னை தீர்ந்தது. அடியிலுள்ள டென்டின்? எனாமல் ஏறக்குறைய முழுக்கக் கல். டென்டின் அப்படியில்லை. புரதமும் தண்ணீரும் கலந்தது. ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் நுண்குழாய்கள். எல்லாவற்றிலும் ஈரம். ஈரச் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கதைதான். அதோடு, டென்டினில் அமிலம் பட்டால் உள்ளேயிருக்கும் உயிர்ப்பகுதி செத்துவிடும் என்று மேலைநாடுகளில் பெரிய பயம். டோக்கியோவில் ஃபுசாயாமா 1979-ல் துணிந்து தடவிக் காட்டினார். 1982-ல் அதே ஊரின் நகாபயாஷி, ரெசின் டென்டினின் புரத வலைக்குள் ஊறிப்போய், பாதி பல், பாதி பிளாஸ்டிக் என்று ஒரு கலப்பு அடுக்கே உருவாவதைக் காட்டினார்.

உயிர்ப்பகுதி சாகிறது என்றால் குற்றவாளி அமிலமோ அடைக்கும் பொருளோ இல்லை, உள்ளே நுழையும் கிருமிதான் என்பதற்கு அதற்கு முன்பே பலமான சாட்சி கிடைத்திருந்தது. 1965-ல் அமெரிக்காவில் ககேஹாஷியும் கூட்டாளிகளும் எலிகளின் பல்லை உயிர்ப்பகுதி தெரியும்வரை துளைத்து, அடைக்காமல் அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளுக்கு அந்தப் பகுதி அழுகிச் செத்தது. கிருமியே இல்லாத கூண்டில் பிறந்து வளர்ந்த எலிகளுக்கோ, ஓட்டைக்குள் இரை அடைந்து கிடந்தும், காயம் தானாக ஆறிப் புதுச் சுவர் எழும்பியது!

லண்டனில் வில்சனும் கென்ட்டும் 1972-ல் அறிவித்த கிளாஸ் அயனோமர் சிமென்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல்லிலுள்ள கால்சியத்தோடு தானே ரசாயனமாக ஒட்டிக்கொள்ளும். சூட்டில் பல்லைப் போலவே விரியும். ஃப்ளூரைடும் கசியும். உரம் மட்டும் குறைவு. மின்சாரம்கூட இல்லாத கிராமங்களில், கைக்கருவிகளாலேயே சொத்தையை எடுத்து இதை வைத்து அடைக்கும் முறை 1980-களில் தான்சானியாவில் பிறந்தது. 1994-ல் உலக சுகாதார நிறுவனமே அதற்கு ஆதரவுக் கொடி பிடித்தது.

கடைசியில் எதுதான் நன்றாக அடைக்கிறது என்கிறீர்களா? ஆய்வகத்தில் பிடுங்கிய பற்களை அடைத்து, சாயத்தில் ஊறப்போட்டு, அறுத்துப் பார்த்த பரிசோதனைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை நம்பி ஒரு பொருளை உயர்த்தியும் இன்னொன்றைத் தாழ்த்தியும் பேசினார்கள். 2007-ல் ஹைன்ட்ஸே என்பவர் அவற்றையெல்லாம் திரட்டி, மனிதர்கள் வாயில் நிஜமாக நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் சரியாகப் பொருந்தவே இல்லை! அதற்கு முன் 1995-ல் லண்டனில் எட்வினா கிட் குழுவினர் அமால்கத்தின் ஓரங்களை ஆராய்ந்தபோது, 0.4 மில்லிமீட்டரைத் தாண்டிய பள்ளங்களுக்கு அடியில்தான் கிருமி நிஜமாகவே பெருகியிருந்தது. அதாவது, கிருமி நுழைவது வேறு, குடித்தனம் நடத்துவது வேறு. ஓரம் கறுத்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல அடைப்பைத் தோண்டியெடுக்கும் அவசரம் வேண்டாம் என்பதற்கு இது போதாதா?

அதற்காக ஓரம் முக்கியமில்லை என்று ஆகிவிடாது. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் காசா பியா பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதிப் பேருக்கு அமால்கமும் பாதிப் பேருக்கு காம்போசிட்டும் அடைத்துவிட்டு, ஏழு வருஷம் கூடவே இருந்து பார்த்தார்கள். 2007-ல் கணக்கு வந்தது. அமால்கத்தில் 94.4 சதவிகிதம் நின்றது. காம்போசிட்டில் 85.5 சதவிகிதம். அடைப்பின் ஓரத்தில் மறுபடி சொத்தை விழும் ஆபத்து, ஒட்டவே ஒட்டாத அமால்கத்தைவிட ஒட்டவைத்த காம்போசிட்டுக்கு மூன்றரை மடங்கு! ஒட்டியதுதான், ஆனால் அடைக்கும்போதே கொஞ்சம் சுருங்குகிறது. டென்டினோடு உண்டான அந்தக் கலப்பு அடுக்கும் நாளாக நாளாகத் தண்ணீரில் ஊறித் தளர்கிறது. சொத்தை அதிகம் விழாத, ஒழுங்காகத் துலக்குகிற பெரியவர்கள் வாயில் காம்போசிட் நெடுநாள் நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது அந்த மகா பாவத்துக்கு வருவோம். ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியில் ஈவா மெர்ட்ஸ்-ஃபேர்ஹர்ஸ்ட் என்ற பெண்மணி, டென்டினின் பாதி ஆழம்வரை சொத்தையான பற்களை எடுத்துக்கொண்டார். சொத்தையைத் தொடவில்லை! சுற்றியுள்ள நல்ல எனாமலின் ஓரத்தை மட்டும் சரித்து, அமிலம் தடவி, காம்போசிட்டால் காற்றுப் புகாமல் மூடினார். 1998-ல் பத்து வருஷ முடிவு வெளியானது. ஓரம் மூடியே இருந்த பற்களில் எக்ஸ்ரேயில் சொத்தை ஒரு அடி நகரவில்லை. வெளியிலிருந்து சர்க்கரை வராததால் கிருமிகள் பட்டினி கிடந்தன! (உயிர்ப்பகுதிவரை போன சொத்தைக்கு இது பொருந்தாது. 'அப்படியே மூடிவிடுங்கள் டாக்டர்' என்று நாளைக்கே போய் அடம்பிடிக்காதீர்கள்!)

ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் டாக்டர், சின்னக் குழந்தைகளுக்கு இதைவிடச் சுருக்கமாக ஒரு வழி கண்டுபிடித்தார். ஊசியில்லை, டிரில் இல்லை. சொத்தையான பால் பல்லின் மேல் சிமென்ட் தடவிய ஒரு ஸ்டீல் தொப்பியை மாட்டிக் கடிக்கச் சொல்லிவிடுவார். அவ்வளவுதான்! 2006-ல் அவருடைய பழைய கேஸ் கட்டுகளைப் புரட்டி ஆராய்ந்தபோது, வழக்கமான முறையில் அடைத்த பற்களுக்கு அவை இளைக்கவில்லை என்று தெரிந்தது. கிராக்கோர் சகோதரர்கள் கேட்டிருந்தால் புளகாங்கிதம் அடைந்திருப்பார்கள்.

அவர்களுடைய பசைக்கு இப்போது விடைகொடுக்கும் காலம். பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2017-ல் அமலுக்கு வந்தது. 2025 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய யூனியனில், மருத்துவரீதியாகக் கட்டாயம் என்றால் தவிர, அமால்கத்தால் பல்லை அடைக்கக் கூடாது. ஆறுகளிலும் மீன்களிலும் போய்ச் சேரும் பாதரசம்தான் இதற்குப் பெரிய காரணம். துருவால் தானே ஓரத்தை மூடிக்கொள்ளும் வித்தையும் அதோடு போகிறது. அந்த இடத்துக்கு வந்திருக்கும் காம்போசிட்டுக்கு, ஒட்டும் அந்தச் சில நிமிஷம் ஈரமே ஆகாது. அதனால் கவனமான டாக்டர்கள் இன்றைக்கும் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டுகிறார்கள். தங்கத்துக்காக 1864-ல் பார்னம் ஓட்டை போட்டு மாட்டினாரே, அதேதான்!